போனில் நிரப்பிய கேள்வித்தாளும் அம்மாவின் கணுக்காலும்

கேள்வி: நாங்கள் நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 56 வயது. சாலையோரம் டிபன் கடை நடத்துகிறார். விடியற்காலையிலிருந்து நின்றபடியே வேலை. எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு பல வருடமாகிறது. போன மாதம் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் போனிலேயே ஒரு கேள்வித்தாளை நிரப்பி, காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அம்மாவைக் கேட்டுக் கேட்டு நான்தான் நிரப்பினேன். எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணும் பெருசா இல்லடி" என்றுதான் பதில். தம்பி கல்யாணத்துக்காகக் கடையை இரண்டு வாரம் மூடியிருந்த நேரம் வேறு. "மதிப்பெண் குறைவு, இப்போதைக்கு மேல்சிகிச்சை தேவையில்லை, ஸ்டாக்கிங்ஸ் (காலை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை) போட்டுக்கொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி நிரப்புங்கள்" என்று பதில் வந்தது. ஆனால் உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்திருக்கிறது, ராத்திரியில் அரிக்கிறது. போனில் கேள்வி கேட்டே இதை முடிவு செய்துவிடலாமா? நாங்கள் நேராகத் தஞ்சாவூர் போகலாமா? எனக்கு இது ஏழாம் மாதம். என் காலிலும் நரம்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. நானும் நிரப்ப வேண்டுமா?

பதில் அளிப்பவர்: ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர்

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அம்மாவை அழைத்துப் போங்கள். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்து அரிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, மேல்சிகிச்சைக்கு அனுப்ப அந்த ஒரு வரியே போதுமான காரணம். மதிப்பெண் எவ்வளவு என்பது அதற்கு அப்புறம்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். நீடாமங்கலத்திலிருந்து இரண்டு பக்கமும் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. புறநோயாளிகள் பிரிவில் அறுவை சிகிச்சைத் துறைக்குச் சீட்டு போடுங்கள். "வெரிகோஸ் வெயின் இருக்கிறது, கணுக்கால் தோல் மாறியிருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது" என்ற மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் நரம்பு என்று சொல்வது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அது புடைத்துச் சுருண்டுகொள்வதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறோம்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். போனில் கேள்வித்தாள் அனுப்புவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். உண்மையில் அதை வரவேற்கிறேன். வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ ஒருவர் தஞ்சாவூர் வந்து போனால் அன்றைய கூலி போய்விடும். வந்த இடத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வலி எப்போது வருகிறது, வீக்கம் மாலையில் கூடுகிறதா, ராத்திரி தூக்கம் கெடுகிறதா என்பதையெல்லாம் வீட்டில் நிதானமாக எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த மதிப்பெண்ணை வைத்து "நீ வா, நீ வராதே" என்று பிரிக்கும்போதுதான்.

இந்தக் கேள்வித்தாள்கள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே புரியும். வெரிகோஸ் வெயினுக்கென்று அதிகம் பயன்படுவது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் உருவாகி 1993-ல் வெளிவந்த கேள்வித்தாள். 13 கேள்விகள். பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை, 100 என்றால் மிக மோசம். முதல் கேள்வியில் கால் படம் ஒன்று இருக்கும். எங்கெங்கே புடைத்திருக்கிறதோ அங்கெல்லாம் நோயாளியே வரைந்து காட்ட வேண்டும். மற்ற கேள்விகள் வலி, மாத்திரை, வீக்கம், அரிப்பு, தோல் நிறம், புண், வேலைக்கு இடைஞ்சல், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதா என்று போகும். இங்கிலாந்தில் 2009-லிருந்து அரசு மருத்துவச் சேவையே இந்தக் கேள்வித்தாளை அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் பின்னாலும் கொடுத்து வாங்கியது. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, குடலிறக்கம், வெரிகோஸ் வெயின் ஆகிய நான்கு சிகிச்சைகளுக்கு இப்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். 2017-ல் கடைசி இரண்டுக்கும் நிறுத்திவிட்டார்கள். சிகிச்சையால் நோயாளிக்கு எவ்வளவு நிம்மதி கிடைத்தது என்று அளப்பதுதான் அதன் நோக்கம். அந்த வேலைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

யாரை நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்கு அதே நாட்டில், எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2013-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் மதிப்பெண் வரம்பு எதுவும் கிடையாது. புடைத்த சிரையோடு வலி, கனம், வீக்கம், அரிப்பு மாதிரி தொந்தரவு இருப்பவர், தோல் கறுத்தவர் அல்லது கரப்பான் போட்டவர், சிரை கல்லு மாதிரி கெட்டியாகிச் சிவந்து வலித்தவர், முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரத்தில் ஆறாத புண் உள்ளவர், அப்படிப் புண் வந்து ஆறியவர் ஆகிய எல்லோரையும் ரத்தநாளப் பிரிவுக்கு அனுப்பு என்கிறது. சிரை வெடித்து ரத்தம் கசிந்திருந்தால் உடனே அனுப்பு என்கிறது. இவற்றில் இரண்டு உங்கள் அம்மாவுக்கே பொருந்துகின்றன.

கால் படுத்தும் பாடும் சிரை கெட்டிருக்கும் அளவும் ஒன்றாகவே போகும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படிப் போவதில்லை. எடின்பரோ நகரில் பொதுமக்களில் 1,500-க்கும் மேற்பட்டவர்களின் கால்களைப் பார்த்து, தொந்தரவுகளையும் கேட்டு, 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெண்களிடம் கனம், உளைச்சல், அரிப்பு மூன்றுக்கும் புடைத்த சிரைக்கும் ஓரளவு தொடர்பு தெரிந்தது. ஆண்களிடம் அரிப்பு ஒன்றுக்குத்தான் தொடர்பு தெரிந்தது. கால் வலி என்று வருகிற பலருக்கு முழங்கால் தேய்மானமோ, முதுகிலிருந்து இறங்கும் வலியோ, சர்க்கரையால் வரும் பாத எரிச்சலோதான் காரணமாக இருக்கும். இன்னொரு பக்கம், வலியே இல்லை என்று சொல்பவரின் கணுக்கால் தோல் புண்ணாகும் நிலைக்கு வந்திருக்கும்.

ஏன் அப்படி? கால் சிரைகளில் வால்வுகள் இருக்கின்றன, வாய்க்கால் ஷட்டர் மாதிரி. கெண்டைக்கால் தசை இறுகும்போது ரத்தம் மேலே ஏறும். ஏறியது கீழே இறங்காமல் வால்வு மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். வால்வு நன்றாக இருந்தால் நடக்க ஆரம்பித்ததும் 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு கெட்டால் நடந்தாலும் சரியாக இறங்காது. அந்த அழுத்தத்தில் நுண்குழாய்களிலிருந்து சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து சிதைகின்றன. அவற்றிலுள்ள இரும்புச்சத்து அங்கேயே தங்கிப் படிகிறது. அதுதான் அந்தக் கறுப்பு. அப்புறம் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பும் இறுகிக் கெட்டியாகிறது. இத்தனையும் வலியில்லாமலே நடக்கலாம். மருத்துவர்கள் இதைப் படி படியாகக் குறிப்பார்கள்: புடைத்த சிரை மட்டும் என்றால் 2, வீக்கம் சேர்ந்தால் 3, தோல் மாறினால் 4, புண் வந்து ஆறியிருந்தால் 5, ஆறாத புண் என்றால் 6. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அம்மா நான்காவது படியில் இருக்கிறார். அவரை ஐந்துக்கும் ஆறுக்கும் போக விடாமல் தடுப்பதுதான் இப்போது நம் வேலை.

சரி, அம்மாவுக்கு மதிப்பெண் ஏன் குறைந்தது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை இது, டெல்டா முழுக்க நடக்கிறது.

அந்த 13 கேள்விகளில் பல "கடந்த இரண்டு வாரத்தில்" என்று ஆரம்பிக்கும். நீங்கள் நிரப்பிய இரண்டு வாரமும் கடை மூடியிருந்தது. அடுப்பு முன்னால் நிற்காத காலுக்கு வலியும் வீக்கமும் குறைந்துதான் இருக்கும். நடவு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே கதைதான். குறுவை நடவின்போது நிரப்பினால் ஒரு மதிப்பெண் வரும், வயலில் வேலையில்லாத சித்திரையில் நிரப்பினால் வேறு மதிப்பெண் வரும். சிரை அதேதான்.

ஒரு கேள்வி, ஸ்டாக்கிங்ஸ் போடுகிறீர்களா என்பது. போட்டால் மதிப்பெண் கூடும். குளிர் நாட்டில் நோய் முற்றியவர் மருத்துவர் சொல்லிப் போட்டிருப்பார். நம் ஊர் வெயிலில், அதுவும் தோசைக்கல் முன்னால், யார் போடுகிறார்கள்? அங்கே பூஜ்யம். அடுத்து, சிரை தெரிவதால் உடை உடுத்துவதை மாற்றிக்கொண்டீர்களா என்று ஒரு கேள்வி. கணுக்கால் வரை புடவை உடுத்துபவர் இல்லை என்றுதான் சொல்வார். அங்கேயும் பூஜ்யம். பார்வைக்குக் கவலையாக இருக்கிறதா? 56 வயதில் உங்கள் அம்மா இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். தோலில் ஊதா நிறம் தெரிகிறதா என்று கேட்பார்கள். நம் தோலில் அது ஊதாவாகத் தெரியாது. கருப்பாக, அழுக்குப் படிந்த மாதிரி தெரியும். அதனால் அதற்கும் இல்லை என்றே பதில் போகும். வேலைக்கு இடைஞ்சலா? வலியோடு வேலை செய்து பழகியவர்களிடம் இப்படிக் கேட்டால் இல்லை என்பார்கள். வேலை நிற்காதவரை அவர்களுக்கு அது இடைஞ்சலே அல்ல.

இப்படி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வருகிற எண் அம்மாவின் காலைக் காட்டாது. அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒருவர் மூன்று மாதம் தள்ளிப் போட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போட்டோவும் உடன் இருந்தது. அதை ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நம் பகுதிக்கு இன்னொரு தனிச் சிக்கலும் உண்டு. கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றுப்புறத்தில் யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்தது. பெரியவர்கள் பலருக்கு அதன் மிச்சம் இன்னும் காலில் இருக்கிறது. வீக்கம் உண்டா என்று மட்டும் கேட்கிற கேள்வித்தாளுக்கு, சிரையால் வந்த வீக்கம் எது, யானைக்கால் வீக்கம் எது என்று பிரிக்கத் தெரியாது. சிரை வீக்கம் பெரும்பாலும் கணுக்காலைச் சுற்றி, மாலையில் கூடி, காலையில் வடியும். யானைக்கால் வீக்கம் புறங்காலிலும் விரல்களிலும் இறங்கி, நாளடைவில் வடியாமல் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் கால்களும் உண்டு. கையால் தொட்டு அழுத்திப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

உங்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிய மருத்துவருக்கும், இதே முறையைக் கொண்டுவர நினைக்கும் மற்ற மருத்துவர்களுக்கும் நான் வைக்கும் யோசனை இதுதான். மதிப்பெண் கேள்விகளுக்கு முன்னால் ஐந்து கேள்விகளை வையுங்கள். சிரையிலிருந்து எப்போதாவது ரத்தம் வந்ததா? முழங்காலுக்குக் கீழே இரண்டு வாரமாக ஆறாத புண் இருக்கிறதா? முன்பு அப்படிப் புண் வந்து ஆறிய தழும்பு இருக்கிறதா? கணுக்கால் பக்கம் தோல் கறுத்தோ, தடித்தோ, நீர் வடிந்தோ இருக்கிறதா? சிரை கெட்டியாகி வலித்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மதிப்பெண்ணைக் கணக்கிடாமலே அனுப்பிவிடுங்கள். மற்றவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்கள், யாரையும் திருப்பி அனுப்புவதற்காக அல்ல. ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகளுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் எப்படியும் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கப் போகிறார்கள். அப்படியே புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிக் கணுக்காலையும் பார்த்து எழுதிக்கொண்டால் பல புண்களை வருமுன் பிடித்துவிடலாம்.

நீங்கள் மறுபடி நிரப்ப நேர்ந்தால் கடை நடக்கிற வாரத்தில் நிரப்புங்கள். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள். ராத்திரி படுக்கும்போது காலைச் சுவரில் தூக்கி வைக்கிறாரா, வியாபாரத்துக்கு நடுவே ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாரா, மாலையில் செருப்பு இறுக்குகிறதா, தூக்கத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் அம்மா உண்மையைச் சொல்வார். போட்டோ எடுக்கும் முன் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். படுத்திருக்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ எடுத்தால் சிரை வற்றிப்போய்த் தெரியும். பகல் வெளிச்சத்தில், முழங்காலுக்கு மேலே புடவையைத் தூக்கி, இரண்டு காலும் தெரிய முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, உள்பக்கம் ஒன்று, கணுக்காலைக் கிட்டத்தில் ஒன்று எடுங்கள். கொலுசைக் கழற்றிவிடுங்கள். எண்ணெயோ மஞ்சளோ தடவியிருந்தால் கழுவித் துடைத்த பிறகு எடுங்கள். அவை தோலின் நிறத்தை மறைத்துவிடும்.

ஸ்டாக்கிங்ஸ் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கனத்தையும் வீக்கத்தையும் அது குறைக்கும், ஆனால் கெட்ட வால்வைச் சரிசெய்யாது. நான் சொன்ன வழிகாட்டுதலும், மற்ற சிகிச்சை பொருந்தாதவர்களுக்குத்தான் அதைச் சிகிச்சையாகக் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு எட்டு வருடச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் அடைபட்டிருக்கலாம். அந்த நிலையில் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போட்டால் விரலுக்கே ஆபத்து. முதலில் பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், கை, கால் ரத்த அழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கால் அழுத்தம் கையின் அழுத்தத்தில் 0.8 பங்குக்குக் குறைந்தால் இறுக்கிக் கட்டக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் கெட்டித்துப் போவதால் இந்த எண் சில சமயம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். ஆகவே எண் நன்றாக இருந்தாலும் ஸ்கேனில் தமனியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதையெல்லாம் பார்க்காமல் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். எந்த வால்வு கெட்டிருக்கிறது, உள்ளேயிருக்கும் பெரிய சிரைகளில் அடைப்பு உண்டா என்று அதில் தெரிந்துவிடும். அதன்படி லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் கெட்ட சிரையை மூடுவார்கள், இல்லாவிட்டால் நுரை மருந்தை ஊசியால் செலுத்துவார்கள், அல்லது அறுவை சிகிச்சை செய்வார்கள். வெப்ப முறைக்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. காலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டுச் செய்யலாம், அன்றே நடக்கலாம். புண் வந்தபிறகுகூடச் சீக்கிரம் சிகிச்சை செய்தால் பலன் உண்டு. பிரிட்டனில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், கட்டுப்போடுவதோடு சிரைக்கும் உடனே சிகிச்சை செய்தவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. தள்ளிப் போட்டவர்களுக்கு அது 82 நாள். போகும்போது குடும்ப அட்டை, ஆதார், சர்க்கரை மாத்திரைச் சீட்டு, போனில் நிரப்பிய பதில்கள், போட்டோ எல்லாவற்றையும் கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் அம்மாவுக்கு இந்தச் சிகிச்சை அடங்குமா என்று அன்றே விசாரித்துவிடுங்கள்.

அதுவரை அந்தக் கறுப்பு இடத்தைச் சொறிய விடாதீர்கள். நகத்தைக் குட்டையாக வெட்டிவிட்டு, வெறும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். பச்சிலை அரைத்துக் கட்ட வேண்டாம். கடையில் ஒரு முக்காலி போட்டு, மாவு கரைப்பது, சட்னிக்கு நறுக்குவது மாதிரி வேலையை உட்கார்ந்து செய்யட்டும். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கட்டும். திடீரென்று சிரை வெடித்து ரத்தம் பீய்ச்சினால் பலர் முழங்காலுக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டுகிறார்கள். அது ரத்தத்தைக் கூட்டத்தான் செய்யும். உடனே படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியால் ரத்தம் வரும் இடத்திலேயே பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தம் நின்றபிறகு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக உங்கள் கால். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், கர்ப்பத்தில் அது வெளியே தெரிய ஆரம்பிக்கும். கர்ப்ப காலத்தில் சிரைக்கு லேசரோ ஊசியோ பொதுவாகச் செய்வதில்லை, பிரசவத்துக்கு அப்புறம் பலருக்குத் தானாகவே நிறையக் குறைந்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள். வீக்கம் தொந்தரவாக இருந்தால் உங்களுக்கு ஸ்டாக்கிங்ஸ் உதவும். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு அளவு எடுத்து வாங்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்திலும் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல். கேள்வித்தாளை இப்போது நிரப்ப வேண்டாம். குழந்தை பிறந்து மூன்று மாதமாவது போகட்டும். அப்போதும் சிரை புடைத்திருந்தால் நிரப்பிக்கொண்டு நேரில் வந்து காட்டுங்கள்.